ஜூஹூ வான்தளம்: நகரத்துக்குள் 1143 மீட்டர் ரன்வே எதற்கு?

கேள்வி, 6 ஜூலை 2025

மும்பையின் பெரிய விமான நிலையமான சாந்தாகுரூஸ் பக்கத்திலேயே இருக்கிறது. நவி மும்பையும் திறக்கப்போகிறது. நான்கு பணக்காரர்களின் ஹெலிகாப்டர் நிற்பதற்காக ஜூஹூவில் இவ்வளவு நிலத்தை எதற்கு முடக்கி வைக்க வேண்டும்? மூடிவிட்டால் பூங்கா அமைக்கலாம், வீடு கட்டலாம். சுற்றுவட்டாரக் கட்டடங்களுக்கு இருக்கும் உயரத் தடையும் போய்விடும். இல்லை என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

6 ஜூலை 2025, இரவு

பணக்காரர்களின் ஹெலிகாப்டர் என்பதிலிருந்தே தொடங்குவோம். ஜூஹூவிலிருந்து அன்றாடம் கிளம்புவதில் பெரும்பங்கு கடலில் இருக்கும் எண்ணெய் மேடைகளுக்குப் போகும் ஹெலிகாப்டர்கள். மும்பை ஹை எண்ணெய் வயல் 1974-ல் கண்டறியப்பட்டது. 1976-ல் உற்பத்தி தொடங்கியது. கரையிலிருந்து சுமார் 160 கி.மீ. அங்கே 14 நாள் வேலை, 14 நாள் விடுப்பு என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். அந்தத் தொழிலாளர்களுக்கு ஜூஹூ ஹெலிகாப்டர்தான் கம்பெனி பஸ். 1985-ல் அரசு ஹெலிகாப்டர் நிறுவனமான பவன் ஹன்ஸ் தொடங்கப்பட்டதற்கும் இந்தப் போக்குவரத்துதான் முதன்மையான காரணம்.

இடமும் சும்மா அமைந்துவிடவில்லை. பிரதான ரன்வே 08/26. எண்ணைப் பத்தால் பெருக்கினால் திசை, டிகிரியில்: 08 ஏறத்தாழக் கிழக்கு, 26 ஏறத்தாழ மேற்கு. மும்பையில் பெரும்பாலான நாட்களில் பகலில் காற்று கடலிலிருந்து வீசும். அப்படியானால் 26-ல், மேற்கு நோக்கிப் புறப்பட வேண்டும். ஏறிய சிறிது நேரத்தில் கீழே கடற்கரை, அதன்பின் கடல். இன்ஜின் கோளாறு ஆகக்கூடிய முதல் நிமிடத்தில் குடியிருப்புகள் மேல் பறக்க வேண்டியதில்லை. நவி மும்பையிலிருந்து கிளம்பினால் நகரத்தின் முழு அகலத்தையும் தாண்டித்தான் கடலைத் தொட முடியும், போகவும் வரவும்.

7 ஜூலை 2025

"ஹெலிகாப்டருக்கு ரன்வே எதற்கு? கடலோரம் ஒரு ஹெலிபேட் போதாதா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

பாரம் ஏற்றிய இரட்டை இன்ஜின் ஹெலிகாப்டர், சினிமாவில் வருவதுபோல் நின்ற இடத்திலிருந்து நேரே மேலே போவதில்லை. தரையிலிருந்து சில அடி எழும்பி, முன்னோக்கிச் சாய்ந்து, வேகம் பிடித்து, அதன் பிறகுதான் ஏறுகிறது. வேகம் கூடக்கூட ரோட்டருக்குப் புதுக்காற்று கிடைக்கும், தேவைப்படும் சக்தி குறையும். நடுவில் முடிவெடுக்கும் புள்ளி ஒன்று உண்டு. அதற்கு முன் ஒரு இன்ஜின் நின்றால், எதிரே மிச்சமிருக்கும் தளத்திலேயே இறங்கி நிற்க வேண்டும். அதற்குப் பின் நின்றால், மற்ற இன்ஜினை வைத்தே பாதுகாப்பான வேகத்தைப் பிடித்து, வழியிலுள்ள தடைகளுக்கு மேல் குறைந்தது 35 அடி இடைவெளி விட்டு ஏற வேண்டும்.

எதிரே நீண்ட தளம் இருந்தால் இதை முழு எடையிலேயே செய்யலாம். நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த ஹெலிபேடில் பின்னோக்கிச் சாய்வாக ஏறி, தளத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டே முடிவுப் புள்ளியை எட்ட வேண்டும். அந்த முறைக்கு அனுமதிக்கப்படும் எடை குறைவு. 200, 300 கிலோ குறைந்தாலே இரண்டு மூன்று பேரைக் கரையில் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அதே ஆட்களைக் கொண்டு சேர்க்கக் கூடுதல் பறப்பு வேண்டும். அதே கடலின் மேல் கூடுதல் ஆபத்து நேரமும் சேரும். ரன்வே வீணாகக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றாததற்கு இதுதான் காரணம்.

9 ஜூலை 2025

எடைக் கணக்கைக் காட்டச் சொன்னதால் ஒரு மாதிரிக் கணக்கு. டாஃபின் என்3 ரக ஹெலிகாப்டர், உச்ச எடை 4300 கிலோ. மிதவை, உயிர்காப்புப் படகு எல்லாம் சேர்த்து வெறும் எடை 2650 என்று வைப்போம். இரண்டு பைலட், 180. வேகம் மணிக்கு 260 கி.மீ., எரிபொருள் மணிக்குச் சுமார் 300 கிலோ, அதாவது நிமிடத்துக்கு 5 கிலோ.

பருவமழைக் காலம், எதிர்க்காற்று 55 கி.மீ. போக 160-ஐ 205-ஆல் வகுத்தால் 47 நிமிடம். வர 160-ஐ 315-ஆல் வகுத்தால் 30 நிமிடம் சொச்சம். மொத்தம் 77 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 74. ஆக, போய்வரும் பயணத்தில் காற்று பறிப்பது மூன்றே நிமிடம். இதைப் பார்த்துப் பலர் காற்றை அலட்சியமாக நினைத்துவிடுகிறார்கள். காற்று நகர்த்திவைப்பது சமநேரப் புள்ளியை, அதாவது முன்னே போகவும் திரும்பி வரவும் ஒரே நேரம் ஆகும் இடத்தை: 160-ஐ 315-ஆல் பெருக்கி 520-ஆல் வகுத்தால் 97 கி.மீ. காற்றில்லாத நாளில் 80-வது கி.மீட்டருக்கு அப்பால் கோளாறு வந்தால் மேடைதான் அருகில். இந்தக் காற்றில் 97 வரைக்கும் திரும்புவதே சீக்கிரம். பைலட்டுக்கு உதவும் எண் இது.

இறங்கும் சுற்றுக்கு 10 நிமிடம், கையிருப்பு 30 நிமிடம் சேர்த்தால் 117 நிமிடம், 585 கிலோ. 4300-லிருந்து எல்லாவற்றையும் கழித்தால் 885 மிஞ்சும். பையோடு ஆளுக்கு 95 கிலோ என்றால் ஒன்பது பேர். பத்தாவது ஆளை ஏற்றினால் 65 கிலோ, அதாவது 13 நிமிட எரிபொருளை இறக்க வேண்டும். பயணிகளையும் பைகளையும் தராசில் நிறுத்தி எடை குறிப்பது இதனால்தான். சுமாராக ஒரு எடையை எழுதிக்கொண்டால் குறைவது அந்த 30 நிமிடக் கையிருப்புதான்.

12 ஜூலை 2025

வரலாறு கேட்டவருக்கு.

ஜூஹூ 1928-ல் தொடங்கியது. இந்தியாவின் முதல் சிவில் விமானத் தளம். பாம்பே ஃப்ளையிங் கிளப்பும் அதே ஆண்டில் உருவானது. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் பைலட் உரிமம், 1929 பிப்ரவரியில் ஜே.ஆர்.டி. டாடா பெற்றது, அந்தக் கிளப்பில் கற்றதற்குக் கிடைத்ததுதான். 1932 அக்டோபர் 15 அன்று அவர் கராச்சியிலிருந்து அஞ்சல் மூட்டைகளோடு ஒற்றை இன்ஜின் புஸ் மாத்தில் கிளம்பி, அகமதாபாத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஜூஹூவில் இறங்கினார். 1982-ல், பொன்விழாவுக்காக, 78 வயதில் அதே வழியை லெப்பர்ட் மாத் விமானத்தில் மறுபடி பறந்து ஜூஹூவில் இறங்கினார்.

இந்த விழாப் படங்களில் தெரியாதது தளத்தின் தரம். அன்றைய ஜூஹூ சேற்று நிலம். மழைக்காலத்தில் ஓதம் (கடலேற்றம்) ஏறினால் தளத்தின் மேல் நீர் நின்றுவிடும். அதனால் மழை மாதங்களில் டாடா அஞ்சல் சேவை விமானங்களோடும் மெக்கானிக்குகளோடும் புனாவுக்கு இடம்பெயர்ந்து, எரவாடா சிறைக்கு அருகிலிருந்த மைதானத்தில் இறங்கியது. மும்பைக்கான விமான சேவை ஆண்டில் சில மாதம் மும்பைக்கே வராமல் நடந்தது.

இரண்டாம் உலகப்போர் முடியும்வரை நகரத்தின் விமான நிலையம் ஜூஹூதான். போர்க்காலத்தில் ராயல் ஏர் ஃபோர்ஸ் பயன்படுத்திய சாந்தாகுரூஸுக்கு 1948-ல் வணிக விமானங்கள் போயின. நான்கு இன்ஜின் விமானங்களுக்கு வேண்டிய நீளம் ஜூஹூவில் இல்லை. மேற்கே கடல், கிழக்கே ஊர், நீட்டவும் வழியில்லை. பெரிய விமானங்கள் போனபிறகு சிறிய விமானங்களுக்கும் கிளப்புக்கும் பின்னர் ஹெலிகாப்டர்களுக்கும் ஆன இடமாக அது மாறியது.

13 ஜூலை 2025

விட்டுப்போன ஒன்று. ஜே.ஆர்.டி. ஜூஹூவோடு நின்றார், அஞ்சல் நிற்கவில்லை. இன்னொரு புஸ் மாத்தில், ஜே.ஆர்.டி.யின் கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் அதை எடுத்துக்கொண்டு பெல்லாரி வழியாக மறுநாள் மெட்ராஸ் சேர்ந்தார். மெட்ராஸுக்கு வந்த அந்த முதல் அஞ்சல் விமானம் கிளம்பிய தளம் ஜூஹூ. விழா நடக்கும்போதெல்லாம் பாதி வழியோடு கதையை முடித்துவிடுகிறார்கள். வின்சென்ட்டின் பாதி அதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

19 ஜூலை 2025

"இரண்டு ரன்வே பக்கத்தில் பக்கத்தில் இருப்பதே ஆபத்து" என்றவர் சொல்வது சரி. நடந்திருக்கிறது.

1953 ஜூலையில் பிரிட்டிஷ் விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யின் காமெட் ஜெட், சாந்தாகுரூஸ் என்று நினைத்து ஜூஹூவில் இறங்கியது. தப்பித்தது, சில நாள் கழித்து அங்கிருந்தே கிளப்பிக்கொண்டு போனார்கள். 1972 செப்டம்பர் 24 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 ஜெட் அதே தவறைச் செய்து, ரன்வே முடிந்தும் நிற்காமல் ஓடிச் சிதைந்தது. உயிரிழப்பு இல்லை என்பது பெரும் அதிர்ஷ்டம். விமானம் மறுபடி பறக்கவில்லை.

ஏன் குழம்பினார்கள்? சாந்தாகுரூஸின் பிரதான ரன்வே 09/27. ஜூஹூவினது 08/26. திசையில் ஏறத்தாழ ஒன்று. மேற்கிலிருந்து கடல் வழியே 09-க்கு வருபவருக்குக் கரையைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது ஜூஹூ. பெரிய ரன்வே அதற்கும் கிழக்கே, சற்றுத் தெற்கே. மூன்று டிகிரிச் சரிவில் கி.மீட்டருக்கு 52 மீட்டர் இறங்குவார்கள். ஜூஹூ பக்கவாட்டில் வரும்போது ஜெட் சில நூறு அடி உயரத்தில்தான் இருக்கும். புகைமூட்டக் காலையில், கருவியை விட்டுவிட்டுக் கண்ணை நம்பி, "ரன்வே தெரிகிறது" என்று சொல்லிவிட்டால் மனம் அதையே பிடித்துக்கொள்ளும். 3400 மீட்டருக்கு மேல் நீளமான ரன்வேயும் 1143 மீட்டர் ரன்வேயும் தூரத்தில் வேறு வேறாகத் தெரிய வேண்டும்தானே என்றால், ஒப்பிட இரண்டும் சேர்ந்து கண்ணில் பட்டால்தான் தெரியும்.

இது ஜூஹூவுக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. 1960-ல் லண்டனில் ஹீத்ரோவுக்குப் போக வேண்டிய பான் ஆம் 707 சிறிய நார்த்தோல்ட்டில் இறங்கியது. வழியில் இருந்த இரண்டு பெரிய எரிவாயுத் தொட்டிகளும் அடையாளமாக ஒன்றுபோல் இருந்தன. அதனால் ஒன்றில் நார்த்தோல்ட்டுக்கும் மற்றதில் ஹீத்ரோவுக்கும் தனித்தனி எழுத்துகளைப் பெரிதாக வரைந்து வைத்தார்கள். இன்று சரிவுப்பாதைக் கருவி, ஜி.பி.எஸ்., சரிவு விளக்குகள் எல்லாம் இருப்பதால் வாய்ப்பு மிகக் குறைவு. நடைமுறையில் எஞ்சியிருப்பது வேறு: ஜூஹூவில் ஏறுபவர் சாந்தாகுரூஸில் இறங்க வரும் விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டு அறையோடு (அப்ரோச்) ஒருங்கிணைத்த அனுமதி இல்லாமல் எழும்ப முடியாது. காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும், முன்பு சொன்ன நிமிடத்துக்கு 5 கிலோ எரிபொருளில் ஒரு பகுதி போகிறது.

20 ஜூலை 2025

இனி உயரத் தடை. ஜூஹூவை மூடினால் மாடிகள் எழும்பும் என்று நம்புபவர்கள் கணக்கைப் பார்க்கட்டும்.

சாந்தாகுரூஸ் போன்ற பெரிய நிலையத்துக்கு 4 கி.மீ. ஆரத்துக்குள் நிலைய மட்டத்திலிருந்து 45 மீட்டர் உயரத்தில் கற்பனையாக ஒரு கிடைத்தளம் வரையப்படும். அதற்கு மேல் கட்டடம் எழும்பக்கூடாது. அந்த வட்டத்தின் விளிம்பிலிருந்து 5 சதவீதச் சரிவில் எல்லை உயரும். ஜூஹூ முழுக்க அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. ஜூஹூ இல்லாமல் போனாலும் சாந்தாகுரூஸின் 45 மீட்டர் அங்கேயே இருக்கும்.

ஜூஹூ தனியாக விதிப்பது இரண்டு இடங்களில். ரன்வே முனைக்கு நேரே, முனையிலிருந்து 60 மீட்டர் தள்ளி 4 சதவீதச் சரிவு தொடங்கும். 300 மீட்டர் தள்ளி 9.6 மீட்டர், மூன்று மாடி. 45 மீட்டரைத் தொட 1185 மீட்டர் வேண்டும். பக்கவாட்டில் 20 சதவீதச் சரிவு, 9 மீட்டர்க் கட்டடம் ரன்வேயைச் சுற்றிக் காலியாக விடும் பட்டையின் ஓரத்திலிருந்து 45 மீட்டர் விலகியிருக்க வேண்டும். ஆக, உண்மையில் விடுதலை பெறுவது சுவரை ஒட்டிய சில தெருக்களும் கிழக்கு, மேற்கு முனைகளுக்கு நேரே ஒரு கி.மீட்டரும்.

21 ஜூலை 2025

நேற்றைய கணக்கில் ஒரு அடுக்கைச் சேர்க்க வேண்டும். 45 மீட்டர் என்பது அந்தந்த நிலையத்தின் மட்டத்திலிருந்து. ஜூஹூ கடல்மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர், சாந்தாகுரூஸ் 11, 12 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து எண்ணினால் ஜூஹூவின் கிடைத்தளம் 49, சாந்தாகுரூஸினது 56 அல்லது 57. ஜூஹூவினது 2.5 கி.மீ. வட்டத்துக்குள் ஏழு மீட்டர் தாழ்வு. ஜூஹூ போனால் அந்த வட்டத்துக்குள் சுமார் இரண்டு மாடி கிடைக்கும். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டவர் நினைப்பது போல 40 மாடி இல்லை.

27 ஜூலை 2025

மும்பை ஹை நார்த் மேடை எரிந்து இன்றோடு 20 ஆண்டு. இந்த இழையில் இதைச் சொல்லாமல் போவது சரியில்லை.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. கரையில் பருவமழையால் ஹெலிகாப்டர்கள் பறக்க முடியவில்லை. 27-ஆம் தேதி சமுத்ரா சுரக்ஷா என்ற உதவிக் கப்பலில் ஒரு சமையல்காரருக்கு விரல் நுனி வெட்டுப்பட்டது. ஹெலிகாப்டர் பறந்திருந்தால் அதில் அழைத்துப் போயிருப்பார்கள். இல்லாததால், மேடையில் இருந்த மருத்துவ வசதிக்கு கிரேன் மூலம் தூக்கிவிட, கப்பல் மேடையை நெருங்கியது. கப்பலை நகர்த்தும் உந்திகளில் (த்ரஸ்டர்) ஒன்றில் கோளாறு. கையால் இயக்கி, காற்று வரும் பக்கத்தில் நெருங்கினார்கள். ஆளை ஏற்றியாயிற்று. விலகும்போது அலை தூக்கிப் போட, கப்பலின் ஹெலிகாப்டர் தளம் மேடையின் எரிவாயுக் குழாயில் இடித்தது. கசிந்த வாயு பற்றிக்கொண்டது. இரண்டு மணி நேரத்துக்குள் மேடை சரிந்தது. 362 பேர் மீட்கப்பட்டார்கள், 22 பேர் இறந்தார்கள்.

காரணங்கள் பல: குழாய்களுக்குக் காப்பு போதாமை, காற்றுப் பக்கம் நெருங்கியது, உந்திக் கோளாறு. ஆனால் சங்கிலியின் முதல் கண்ணி, ஒரு கைக்காயத்துக்கு ஹெலிகாப்டர் கிடைக்காதது. கடலோரத் தளத்தை மழை நாளிலும் இயங்க வைப்பது எத்தனை பேரின் உயிரோடு சேர்ந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

2 ஆகஸ்ட் 2025

அப்படியானால் வெள்ளம்? "4 மீட்டர் உயரத்தில் இருக்கிறதே, ஓதம் 4.8 மீட்டர் என்று செய்தியில் வருகிறதே, மூழ்காதா?" என்ற கேள்வி.

இரண்டும் வேறு வேறு பூஜ்யத்திலிருந்து அளப்பவை. ஓத அட்டவணையின் பூஜ்யம் கடல் வரைபட மட்டம். மும்பையில் சராசரிக் கடல்மட்டம் அதற்குச் சுமார் 2.5 மீட்டர் மேலே. 4.8 ஓதம் என்றால் சராசரிக் கடல்மட்டத்துக்கு 2.3 மீட்டர் மேலே. ரன்வே 4-ல். இடைவெளி 1.7 மீட்டர். கடல் நேரடியாக ஏறாது. சிக்கல் என்னவென்றால், மழைநீர் வடிகால் அந்த 1.7 மீட்டர் வீழ்ச்சியை வைத்துத்தான் கடலில் ஊற்ற வேண்டும். வழியில் குப்பையும் வண்டலும் அடைத்து அரை மீட்டரைத் தின்றுவிட்டால் தண்ணீர் நின்றுவிடும். அதனால்தான் ஜூஹூ பக்கத்து மழைநீர்க் கால்வாயான இர்லா நாலாவில் நீரேற்று நிலையம் கட்டினார்கள். மழைக்கு முன் பார்க்க வேண்டியவை: தளத்தைச் சுற்றிய வடிகாலின் அடிமட்டம், தடுப்புக் கதவின் ரப்பர், ரன்வே ஓரப் புல்மண் தார்த்தளத்தைவிட உயர்ந்திருக்கிறதா என்பது. மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. ஆண்டுக்கு ஆண்டு புல்லும் தூசியும் சேர்ந்து ஓரம் உயரும். பிறகு ரன்வே தொட்டியாகிவிடும்.

10 ஆகஸ்ட் 2025

விமானப் பயிற்சி ஜூஹூவுக்குத் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கைக்கு முதலில் சாய்ந்தேன். யோசித்தால் ஒப்பவில்லை. பாம்பே ஃப்ளையிங் கிளப்பின் பயிற்சி வடக்கு மகாராஷ்டிரத்தின் துலே நகருக்குப் போனது சரியான முடிவு. மாணவருக்கு வேண்டியது ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு முறை இறங்கி ஏறுவது. சாந்தாகுரூஸ் அனுமதிக்காக இன்ஜினை ஓடவிட்டு நிற்பதில் அந்தப் பணம் கரையும்.

சிறிய ஜெட்டுகளை இங்கே மாற்றலாம் என்பதும் நடக்காது. வணிகப் பறப்பில் ஜெட் தன் இறங்கு தூரத்தை ரன்வேயின் 60 சதவீதத்துக்குள் முடிக்க வேண்டும்: 1143-ல் 686 மீட்டர். ஈர ரன்வேயில் அதையும் 1.15-ஆல் வகுத்தால் 596. டர்போப்ராப்புக்கு 70 சதவீதம், 800, ஈரத்தில் 696. வெயிலில் நிலைமை இன்னும் மோசம். 33 டிகிரி, காற்றழுத்தம் 1003 மில்லிபார் என்றால் கடல்மட்டத் தளமே சுமார் 2500 அடி உயரத்தில் இருப்பதுபோல் இன்ஜினும் இறக்கையும் உணரும். நாலு பேர் செஸ்னாவுக்குத் தாராளம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் கையேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

16 ஆகஸ்ட் 2025

சிகாகோ நகரத்துக்குள் இருந்த சிறிய விமான நிலையமான மெய்க்ஸ் ஃபீல்டை உதாரணம் காட்டி "ஒரே இரவில் மூடினார்களே" என்றவருக்கு: 2003 மார்ச் 30 நள்ளிரவில் மேயர் டேலி புல்டோசர் அனுப்பி ரன்வேயில் குறுக்குக் கோடுகளாகப் பள்ளம் வெட்டினார். முன்னறிவிப்பு இல்லை. நின்றிருந்த 16 விமானங்கள் பின்னர் டாக்ஸிவேயிலிருந்து கிளம்ப நேர்ந்தது. நகரத்துக்கு 33,000 டாலர் அபராதம். அதன்பிறகு அந்த அபராத உச்சத்தை நாளொன்றுக்கு 1,100-லிருந்து 10,000 டாலராக உயர்த்தினார்கள். ஜூஹூ மத்திய அரசின் விமான நிலைய ஆணையத்துடையது. மாநகராட்சி அப்படிச் செய்ய முடியாது. செய்யவும் கூடாது.

24 ஆகஸ்ட் 2025

"ஹெலிகாப்டர்களைப் பகலில் மட்டும் ஜூஹூவில் இறக்கிவிட்டு, ஹேங்கரை ஊருக்கு வெளியே வைத்தால் பாதி நிலம் மிச்சமாகுமே?" நல்ல கேள்வி. தடையாக இருப்பது உப்பு.

கடல் மேல் தாழப் பறந்துவரும் டர்பைன் உப்புத் துகளை உறிஞ்சும். அது கம்ப்ரஸர் பிளேடில் படிந்து காற்றோட்டத்தைக் கெடுக்கும். அதே சக்திக்கு இன்ஜின் அதிக வெப்பத்தில் ஓட வேண்டும். ஒரு இன்ஜினில் ஏற வேண்டிய நாளில் கையில் இருக்க வேண்டிய மிச்சம் குறைந்திருக்கும். அன்றைய கடைசிப் பறப்புக்குப் பின் அன்றே கழுவியாக வேண்டும். இன்ஜின் ஆறும்வரை காத்திருப்பது, சூட்டில் தண்ணீர் பட்டால் திடீர்க் குளிர்ச்சியில் உலோகம் பழுதாகும். கம்ப்ரஸரிலிருந்து காற்றை வெளியே எடுக்கும் பிளீட் காற்று வால்வுகளை மூடுவது, இல்லையேல் ஈரம் கேபினுக்கும் குழாய்களுக்கும் போகும். எரிபொருள் விடாமல் ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றி, கனிமம் நீக்கிய நீரைச் செலுத்துவது. ஸ்டார்ட்டரின் நேர வரம்பைத் தாண்டாமல் இடையிடையே ஆறவிடுவது. வடியவிட்டு, பிறகு இன்ஜினை ஓட்டி உலர்த்துவது. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள சுண்ணாம்பு இன்னொரு படலமாகும்.

வேறிடத்துக்குப் பறந்துபோய்த்தான் கழுவ வேண்டும் என்றால் அங்கே போவதற்கும் காலையில் திரும்புவதற்கும் நகரத்தின் மேல் ஆளில்லாமல் இரண்டு பறப்பு, அதுவும் உப்போடு ஒரு பறப்பு. நிலத்தைக் குறைக்கத்தான் வேண்டுமென்றால் ஹேங்கரைத் தொடாதீர்கள். பறக்காமல் ஓரத்தில் நிறுத்திவைத்திருக்கும் பழைய விமானங்களை அகற்றினாலே கணிசமான இடம் கிடைக்கும்.